விசையை அளக்கக் கற்பித்த றொபேட் ஹூக்

விசையை எவரும் கண்ணாற் கண்டதில்லை. அதன் விளைவுகளையே நாம் காண்கிறோம். ஓய்ந்திருந்த பந்து உருள்வதும், உருளும் பந்து நிற்பதும், திசைமாறிச் செல்வதும், இறப்பர் நாடா நீள்வதும் விசையின் விளைவுகளே. காணமுடியாத ஒன்றை அளப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு எளிய விடை தந்தவர், நாம் வாழும் இவ்விலண்டன் மாநகரிலேயே வாழ்ந்து மறைந்த அறிஞர் றொபேட் ஹூக் ஆவார்.

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்துள்ள வைற் தீவில், 1635ஆம் ஆண்டு ஒரு கிறித்தவ மதகுருவின் மகனாக அவர் பிறந்தார். நோயுற்ற உடலோடு வளர்ந்த அவர், பதின்மூன்றாம் வயதில் தந்தையையும் இழந்தார். தீவை விட்டு இலண்டனுக்கு வந்து, வெஸ்ற்மின்ஸ்ரர் பாடசாலையிற் கல்வி கற்றார். கருவிகளை ஆக்குவதில் அவருக்கிருந்த கைத்திறன், ஒக்ஸ்போட்டில் றொபேட் பொயில் என்னும் அறிஞரின் உதவியாளராகும் வாய்ப்பை நல்கிற்று. 1662இல் இலண்டன் றோயல் சங்கத்தின் பரிசோதனைப் பொறுப்பாளரானார். 1666இல் பெருந்தீ இந்நகரை அழித்தபோது, நிலங்களை அளந்து நகரை மீளக் கட்டியெழுப்பும் பணியிலும் பெரும்பங்கு ஏற்றார்.

சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு அவர் ஆராய்ந்தார். எடை இருமடங்கானால் நீட்சியும் இருமடங்காவதைக் கண்டார். 1 நியூட்டன் விசை ஒரு வில்லை 2 சதமமீற்றர் நீட்டுமாயின், 2 நியூட்டன் 4 சதமமீற்றரும், 3 நியூட்டன் 6 சதமமீற்றரும் நீட்டும். ஆனால் ஓர் எல்லையைக் கடந்து இழுத்தால் இவ்வொழுங்கு குலையும். வில்லும் பழைய நிலைக்கு மீளாது. இவ்விதியைப் பிறர் தமதெனக் கூறிவிடுவர் என அஞ்சிய ஹூக், 1676இல் அதன் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். 1678இலேயே விளக்கத்தைத் தந்தார்.

அவ்வச்சம் அவரை விட்டு அகலவில்லை. நேர்கோட்டிற் செல்ல முனையும் கோள்களை ஞாயிறு தன்பால் ஈர்க்கின்றது என்னும் கருத்தை, 1679இல் ஐசாக் நியூட்டனுக்கு அவர் எழுதினார். நியூட்டன் கோள்களின் இயக்கத்தைக் கணிதத்தால் நிறுவி 1687இல் பெருநூலாக வெளியிட்டார். அதில் தமக்கும் பங்குண்டென ஹூக் வாதிட்டார். கருத்தைச் சொல்வது வேறு, அதனை நிறுவுவது வேறு என்பது நியூட்டனின் நிலைப்பாடு. இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது; ஆயினும் பகை தணியவில்லை.

1703இல் ஹூக் காலமானார். அதே ஆண்டில் நியூட்டன் றோயல் சங்கத்தின் தலைவரானார். நியூட்டனின் உடல் 1727இல் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்திற் பெருமதிப்புடன் அடக்கஞ் செய்யப்பட்டது. ஹூக்கின் உருவம் இதுதான் என உறுதியாகக் காட்டவல்ல ஓவியமொன்றேனும் இன்று நம்மிடம் இல்லை.

எனினும் நம் மாணவச் செல்வங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திற் கையாளும் விற்றராசை உற்று நோக்குவார்களாக. அதன் அளவுகோலில் உள்ள அலகு நியூட்டனின் பெயரைத் தாங்குகிறது. உள்ளே நீளும் வில் ஹூக்கின் விதிக்கு அமைகிறது. வாழ்நாளில் ஒன்றுபடாத இருவரும் அச்சிறு கருவியில் ஒன்றுபட்டு நிற்கின்றனர். ஒருவரின்றி மற்றவரின் பணி நிறைவுறாது. பிறருடைய உழைப்பை மனமாரப் போற்றுவதும் கல்வியின் ஒரு கூறே என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பெருந்தீயின் நினைவாக, கிறிஸ்ரோபர் றென்னுடன் இணைந்து ஹூக் அமைத்த 61 மீற்றர் உயரமான தூண், இலண்டன் பாலத்தின் அருகே இன்றும் நிற்கிறது. பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கு ஒருமுறை அழைத்துச் செல்வார்களாக. அதன் 311 படிகளையும் ஏறும்போது, புவி நம்மை ஈர்க்கும் விசையை நம் கால்களே நமக்கு உணர்த்தும். முகமறியா அவ்வறிஞரின் உழைப்பையும் நாம் நினைவுகூர்வோம்.