ஆக்டேவியா ஹில் அம்மையார்

பொதுஜன நன்மைக்கென்று பணம் திரட்டுவது எளிதன்று. அப்பணத்தால் வாங்கிய சொத்தை நூறாண்டு கழிந்த பின்னும் பொதுஜனங்களின் சொத்தாகவே நிலைநிறுத்துவது அதனினும் அரிது. கொடுத்தவர் மறைவர், வாங்கி வைத்தவரும் மறைவர். பின்வரும் தர்மகர்த்தர்கள் பணமுடையாலோ பேராசையாலோ அதனை விற்க முற்படுவர். இவ்வபாயத்துக்குப் பரிகாரம் தேடியவர்களுள் இங்கிலாந்தின் ஆக்டேவியா ஹில் அம்மையார் முன்னணியில் நிற்பவர். பொதுநிதிகளைக் கையாளும் தேச ஊழியர்கள் அவரது சரிதத்தை அறிதல் அவசியமென்று நாம் கருதுகிறோம்.

அம்மையார் 1838-ம் வருஷம் விஸ்பெச் என்னும் ஊரில் பிறந்தார். தானிய வியாபாரியான தந்தை, அம்மையாரின் குழந்தைப் பருவத்திலேயே இன்சால்வெண்டாகி மனமும் உடைந்துபோனார். குடும்பப் பாரம் தாயின்மேல் விழுந்தது. ஆக்டேவியா பதினான்காம் வயது முதலே உழைத்துச் சம்பாதித்தார். தந்தையின் கடன்களைத் தீர்ப்பதிலும் பங்கு கொண்டார். கணக்கில் ஒரு பென்னியும் பிசகலாகாது என்ற வைராக்கியம் அக்காலத்திலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியிருக்க வேண்டும்.

1865-ல் அறிஞர் ரஸ்கின் கொடுத்த 750 பவுனைக்கொண்டு லண்டன் மேரிலபோன் பகுதியில் மூன்று பாழடைந்த வீடுகளைக் குத்தகைக்கு வாங்கி, ஏழைகளை அம்மையார் குடியமர்த்தினார். முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வருமானம். அதற்கு மேல் மிஞ்சியதெல்லாம் வீடுகளின் அபிவிருத்திக்கே என்பது ஏற்பாடு. வாடகையை வாரந்தோறும் தவறாமல் வசூலித்தார். அதுபோலவே பழுதுகளையும் தவறாமல் பார்த்தார்.

நெருக்கமான சந்துகளில் வாழும் ஏழைகளுக்குக் காற்றும் பசுமையும் வேண்டுமென்று அவர் கண்டார். 1875-ல் ஸ்விஸ் காட்டேஜ் வயல்களை வாங்க 10,000 பவுன் தேவைப்பட்டது. மூன்றே வாரங்களில் 8,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. ஆயினும் உடைமையாளர்கள் பின்வாங்கினர், வயல்கள் கட்டிடங்களாயின. 1884-ல் வேறொரு விதத்தில் இடையூறு நேர்ந்தது. டெப்ட்போர்டிலிருந்த ஒரு பழைய தோட்டத்தை ஜனங்களுக்கு அளிக்க உடைமையாளரே முன்வந்தும், அதனை ஏற்று என்றென்றும் காக்கத்தக்க ஸ்தாபனம் தேசத்தில் இல்லை. முன்னது வாங்க முயன்றும் கிடைக்கவில்லை. பின்னது கொடுக்க முன்வந்தும் ஏற்பாரில்லை. இவ்விரு தோல்விகளே பின்னாளில் வெற்றிக்கு வித்தாயின.

சட்ட நிபுணர் ராபர்ட் ஹண்டர் ஒரு ஸ்தாபனத்துக்குத் திட்டம் வகுத்தார். லாபம் தேடும் கம்பெனியின் சாயல் அதில் கூடாதென்றும், டிரஸ்டு என்றே வழங்கவேண்டுமென்றும் அம்மையார் வற்புறுத்தினார். ரான்ஸ்லி பாதிரியாரும் இவர்களோடு சேர, 1895-ல் நேஷனல் டிரஸ்டு பதிவாயிற்று. அதன் நிர்வாக சபையில் பாதிப்பேர் உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மறுபாதியைச் சர்வகலாசாலைகள், பிரிட்டிஷ் மியூசியம் முதலிய ஸ்தாபனங்கள் நியமித்தன. ஒரு கட்சியோ ஒரு குடும்பமோ சபையைக் கைப்பற்ற முடியாதபடி இது அரணாயிற்று.

1896-ல் ஆல்பிரிஸ்டனிலிருந்த ஒரு பழைய வீட்டை டிரஸ்டு 10 பவுனுக்கு வாங்கிற்று. பழுதுபார்க்கும் செலவோ அதனிலும் பன்மடங்காயிற்று. சொத்தை வாங்குவதைவிடப் பேணுவதற்கே பெருநிதி வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. 1902-ல் ஏரிப் பிரதேசத்தின் பிராண்டல்ஹோ வனத்தில் 108 ஏக்கரை வாங்க, 6,500 பவுன் ஐந்து மாதங்களில் திரண்டது. பிரபுக்கள் மட்டும் கொடுக்கவில்லை. தாம் ஆயுள் முழுதும் காண ஏங்கியும் இனிக் காணவியலாத ஏரிகளைப் பிறராவது காணட்டுமென்று ஷெபீல்டு நகரத் தொழிலாளி ஒருவர் இரண்டரை ஷில்லிங் அனுப்பினார்.

அந்த இரண்டரை ஷில்லிங்குக்கு யார் ஜாமீன்? 1907-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டமே ஜாமீனாயிற்று. அதன்படி டிரஸ்டு பராதீனம் செய்யலாகாதென்று பிரகடனம் செய்த நிலத்தை எந்த நிர்வாகியும் விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. நல்லவர்கள் வருவார்களென்று நம்பியிருக்காமல், வருகிறவர் எவராயினும் அவர் கையைக் கட்டிவைத்ததே அதன் மேன்மை.

அம்மையாரிடம் குறைகளும் இருந்தன. பெண்களுக்கு வோட்டுரிமை கூடாதென்றார். நகரசபைகள் ஏழைகளுக்கு வீடு கட்டுவதையும் விரும்பவில்லை. இவற்றில் நாம் அவரோடு உடன்படோம். ஆயின் பிறர் பணத்தைக் கையாண்ட நேர்மையில் அவருக்கு நிகரானவர் சிலரே.

1912-ல் அவர் காலமானபொழுது டிரஸ்டின் உறுப்பினர் சில நூறு பேரே. இன்று ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யும் கௌரவத்தை ஏற்காமல், கெண்ட் ஜில்லாவின் கிராக்கம் ஹில் கிராமத்திலேயே உறவினர் அவரை அடக்கம் செய்தனர். ஜனங்களிடம் கையேந்தி நிதி திரட்டுவோர் ரசீது கொடுப்பதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணலாகாது. அந்நிதியால் வந்த சொத்தைத் தாமே விரும்பினும் விற்க முடியாதபடி தம்மைக் கட்டிக்கொள்வதே, கொடுத்த ஏழைக்கு அவர்கள் காட்டும் உண்மையான மரியாதையாகும்.