துன்பத்திலும் பொருள் கண்டவர்

1905 ஆம் ஆண்டு வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் விக்டர் பிராங்கிள். மனநல மருத்துவரான அவருக்கு அமெரிக்கா செல்ல அனுமதி கிடைத்தது. ஆயினும், முதிய பெற்றோரை விட்டுச் செல்ல மனமின்றித் தங்கிவிட்டார்.

1942 இல் நாஜிகள் அவரைப் பெற்றோர், மனைவியோடு முகாமில் அடைத்தனர். அம்மூவரையும் முகாம்களிலேயே இழந்தார். எழுதி வைத்திருந்த நூலும் பறிபோயிற்று. காய்ச்சலில் கிடந்தபோதும் காகிதத் துண்டுகளில் அதை மீண்டும் எழுதத் தொடங்கினார். அந்த வேலையே தம்மைக் காத்தது என்று நம்பினார்.

1945 இல் விடுதலையான அவர், வாழ ஒரு நோக்கம் உடையவர் துன்பத்தையும் தாங்குவர் என 1997 இல் மறையும்வரை உலகுக்கு உணர்த்தினார்.

மதிப்பெண் குறைந்தாலே மனம் தளரும் நாம், நமக்காகக் காத்திருக்கும் பணியை நினைத்து எழுவோமாக!