கரி வாயுவில் ஓடிய பஸ்கள்... பெட்ரோல் தட்டுப்பாட்டை டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார் சமாளித்தது எப்படி?

புதுச்சேரியின் பிரெஞ்சு வீதிகளைப் பழைய கேரவன் வேனில் சுற்றிப் பார்க்க வருபவருக்கு ஒரு பெரிய கவலை உண்டு. வண்டி திடீரென்று திணறும், கரும்புகை கக்கும், மேட்டில் இழுக்காது. மெக்கானிக்கிடம் போனால் அவர் முதலில் கழற்றிப் பார்ப்பது ஸ்பார்க் பிளக்கைத்தான். அதன் நுனி கறுப்பாகக் கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம். இளம்பழுப்பாக இருந்தால் அளவு சரி.

கார்புரேட்டர் வைத்த எல்லா எஞ்சினுக்கும் இதே கதைதான். பெட்ரோலே கிடைக்காத ஒரு காலத்தில், அடுப்புக் கரியில் இருந்து வாயு எடுத்து அதைக் காற்றோடு கலந்து பஸ் ஓட்டினார்கள். தமிழ்நாட்டில் அதற்கான கருவியைத் தயாரித்தவர் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார். யார் இவர்? அந்த பஸ் எப்படி ஓடியது? பார்க்கலாம்.

யார் இந்த சுந்தரம் ஐயங்கார்?

1877-ல் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்காக வக்கீல் தொழிலில் இறங்கினார். பிறகு ரயில்வேயில் வேலை, அப்புறம் ஒரு வங்கியில் வேலை. மாதச் சம்பளம் வரும் நிம்மதியான வாழ்க்கைதான். ஆனால் அதை விட்டுவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய நிலையில் மோட்டார் தொழிலுக்கு வந்தார்.

1911-12 காலகட்டத்தில் அவர் பஸ் சேவையைத் தொடங்கியபோது ஊர் விட்டு ஊர் போக மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் துணை. மோட்டார் வண்டியைப் பார்த்தே இராத ஊர்கள் ஏராளம். நல்ல ரோடு கிடையாது, உதிரி பாகம் கிடையாது. வண்டி வழியில் நின்றால் நின்றதுதான்!

மதுரையைத் தலைமையிடமாக வைத்து வளர்ந்த நிறுவனத்துக்கு அவர் பெயரின் முதல் எழுத்துகளே அடையாளமாயின. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கம் இன்றும் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. மாட்டு லாடத்தில் இருந்து ரோட்டில் விழும் ஆணிகள் டயரைப் பஞ்சராக்கியதால், அவற்றைப் பொறுக்க காந்தம் கட்டிய வண்டியை முன்னால் அனுப்பினார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

அவர் எதிர்பாராத சிக்கல் எது?

ரோடு, டயர், எஞ்சின் என்று எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் பெட்ரோலே இல்லை என்றால் என்ன பண்றது?

இரண்டாம் உலகப் போர் அந்த நிலைமையைக் கொண்டுவந்தது. ராணுவத்துக்குப் போக மிஞ்சியதுதான் மக்களுக்கு. பெட்ரோல் ரேஷனுக்கு வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்தது. அங்கிருந்த எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கிய பிரிட்டிஷாரே அழித்துவிட்டார்கள். பர்மா எண்ணெயும் நின்றுபோனது.

அப்போது சுந்தரம் ஐயங்காருக்கு வயது 65. பஸ்களை ஷெட்டில் நிறுத்தியிருந்தால் குறை சொல்லியிருக்க யாருமில்லை. ஆனால் சந்தைக்குப் போகும் விவசாயிக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிக்கும் அந்த பஸ்தான் வழி. அதை நம்பி வேலை பார்க்கும் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் குடும்பங்களும் இருந்தன. அந்தச் சமயத்தில்தான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவி தயாரானது.

கரி பஸ் எப்படி ஓடியது?

கரி வாயு உலகத்துக்குப் புதுசு இல்லை. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் அம்பேர் 1920-களிலேயே விறகில் இருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியை உருவாக்கியிருந்தார். போர்க்காலத்தில் ஐரோப்பா முழுக்க இப்படிப்பட்ட வண்டிகள் லட்சக்கணக்கில் ஓடின. நம்ம ஊரில் எளிதாகக் கிடைத்தது மரக்கரி.

செய்முறை இதுதான்:

• வண்டியில் பொருத்திய உருளையில் கரியைப் போட்டு, கையால் சுற்றும் விசிறியால் நெருப்பை மூட்டுவார்கள்.

• குறைந்த காற்றில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதுதான் எரிபொருள்.

• வாயுவைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவார்கள்.

பெட்ரோல் என்றால் 1 கிலோவை முழுசாக எரிக்க சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டர் அந்தக் கணக்கைப் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும். கரி வாயுவுக்கோ ஏறக்குறைய சம அளவு காற்றே போதும். ஆனால் அந்த வாயு ஒரே மாதிரி வராது. நெருப்பு தணிந்தாலோ கரி ஈரமாக இருந்தாலோ அதன் தரம் மாறிவிடும். அதற்கேற்ப டிரைவர் காற்று லிவரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டர் எதுவும் கிடையாது. எஞ்சின் சத்தம்தான் மீட்டர், டிரைவர் காதுதான் சென்சார்.

பெட்ரோலில் கிடைத்த சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதில் குறைந்துவிடும். மேடு வந்தால் பஸ் திணறும், பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியும் வரும். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு மூடிய ஷெட்டில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. சிரமம்தான், ஆனால் பஸ் ஓடியது.

பஸ்ஸைத் தாண்டி...

தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் ரீட்ரெடிங் தொழிற்சாலை, மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று அவரது தொழில் விரிந்தது. இளம் வயதில் கணவரை இழந்த மகள் சௌந்தரம், அந்தக் காலத்து வழக்கப்படி வீட்டுக்குள் முடங்கிவிடாமல் டெல்லியில் மருத்துவம் படிக்க வழிவிட்டார். பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் அவர்தான்.

1955-ல் கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். 1970-களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது.

இன்று என்ன நிலைமை?

பிஎஸ்-6 வண்டிகளில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறது. அதை வைத்து கணினி நொடிக்குப் பலமுறை பெட்ரோல் அளவை மாற்றுகிறது. பழைய கேரவன் வைத்திருப்பவர்களும் இதே மாதிரி சென்சாரையும் மீட்டரையும் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். பிளக்கைக் கழற்றாமலே கலவை தெரிந்துவிடும்.

1940-களின் கரி பஸ் டிரைவர் லிவரைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் செய்ததும் இதே வேலைதான்.