இசை மேதை குஸ்தாவ் மாலர்

இசையால் உலகை மகிழ்வித்த மேதைகளுள் ஒருவர் குஸ்தாவ் மாலர். அவரது வாழ்வு இசையோடு, நம் இதயத்தைப் பற்றியும் ஒரு பாடத்தைக் கற்றுத் தருகிறது.

மாலர் 1860ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், இன்றைய செக் குடியரசில் உள்ள கலிஷ்டே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய பெற்றோருக்குப் பதினான்கு பிள்ளைகள். அவர்களுள் பலர் சிறு வயதிலேயே இறந்தனர். மாலர் தம் 15ஆம் வயதில் வியன்னா இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அயராத உழைப்பால் 1897இல் வியன்னா அரசவை இசை நாடக அரங்கின் இயக்குநராக உயர்ந்தார்.

1907ஆம் ஆண்டு அவருக்குத் துயர ஆண்டாயிற்று. நான்கு வயது மூத்த மகள் மரியா நோயுற்று இறந்தாள். அடுத்த சில நாட்களில், மாலரின் இதய வால்வு பழுதுபட்டிருப்பதை மருத்துவர் கண்டறிந்தார். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. அமெரிக்கா சென்று இசை நிகழ்ச்சிகளை நடத்தினார். 1910இல் மியூனிக் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு தம் எட்டாம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

1911 பிப்ரவரி 21இல், காய்ச்சலோடேயே நியூயார்க்கில் தம் கடைசி நிகழ்ச்சியை நடத்தினார். மருத்துவர்கள் அவரது இரத்தத்தைச் சோதித்தபோது அதில் கிருமிகள் வளர்ந்தன. பழுதுபட்ட வால்வில் அவை குடிகொண்டிருந்தன. உண்மையை மறைக்காமல் சொல்லுமாறு மாலர் கேட்டார், மருத்துவர்களும் சொன்னார்கள். கிருமியைக் கொல்ல மருந்தும் இல்லை. இதயத்தைத் திறந்து சிகிச்சை செய்ய வழியும் இல்லை. மே 18ஆம் நாள் வியன்னாவில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 50. அவருடைய ஒன்பதாம் சிம்பொனி அடுத்த ஆண்டுதான் அரங்கேறியது. அதை அவர் கேட்கவேயில்லை.

1940களில் பெனிசிலின் இந்நோயைக் குணப்படுத்தத் தொடங்கியது. ஆனால் வால்வு கிழிந்து இதயம் தளர்ந்தாலோ, வால்வைச் சுற்றிச் சீழ் பிடித்தாலோ மருந்து மட்டும் போதாது. கிருமி தாக்கிய வால்வை வெட்டியெடுத்துச் செயற்கை வால்வு பொருத்திய சிகிச்சை பற்றி 1965இல் அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தார்கள். இன்று இதயத்தின் வேலையை ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்ள, அறுவை மருத்துவர்கள் சீழையும் அழுகிய தசையையும் அகற்றிப் புதிய வால்வைத் தைக்கிறார்கள். இன்றும் இது கடினமான சிகிச்சையே. எனினும், மாலருக்குக் கிடைக்காத வாய்ப்பு இன்று பலருக்குக் கிடைக்கிறது.

அன்புத் தோழியரே! சிறு வயதில் வரும் தொண்டை நோயைக் கவனியாது விட்டால், அது வாதக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கக்கூடும். பல்லில் சேரும் கிருமிகளும் இரத்தத்தில் கலந்து, பழுதுபட்ட வால்வில் தங்கிவிடலாம். ஆகவே பல்லைத் தூய்மையாகக் காப்போம். தொண்டை வலியைப் பெற்றோரிடம் உடனே சொல்வோம். மாலரைப் போல் உண்மையைத் துணிவோடு எதிர்கொள்ளவும் கற்றுக்கொள்வோம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி