ஸர் ஹெர்பர்ட் ரிஸ்லி

வாளேந்தி வந்து இந்நாட்டை ஆண்ட ஆங்கிலேயரை நாம் நன்கறிவோம். அளவுகோல் ஏந்தி வந்தவரை அவ்வளவாக அறியோம். அவர்களில் முதல்வர் ஸர் ஹெர்பர்ட் ஹோப் ரிஸ்லி.

1851-ல் இங்கிலாந்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்று, 1873-ல் ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தராக வங்காளம் வந்து சேர்ந்தார். அயரா உழைப்பாளி என்பதை மறுப்பது நியாயமன்று. 1885-ல் அம்மாகாணத்து ஜாதிகளைப் பற்றிய ஆராய்ச்சி அவர் வசமாயிற்று. உடனே மண்டையையும் முகத்தையும் அளக்கத் தலைப்பட்டார். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்து வரும் எண்ணே அவருக்குப் பிரதானம். எழுபதுக்குக் குறைந்தால் கூர்மூக்கு. எண்பத்தைந்துக்கு மேற்பட்டால் அகன்ற மூக்கு. சுமார் 6,000 பேர் அளக்கப்பட்டனர். மூக்கு அகல அகல ஜாதி தாழும் என்று விதி வகுத்தார்! தீர்ப்பை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு சாட்சியம் தேடும் நியாயாதிபதியை எந்த வக்கீல்தான் நம்புவான்?

புருவங்களின் நடுவே மூக்கெலும்பு தொடங்கும் இடத்தை விரலால் தடவிக் குறிக்க வேண்டும். குறி இம்மியளவு விலகினாலும் எண் மாறிவிடும். இக்காலத்தில் அதே எலும்புக் குறிகளை ஸ்கேன் படத்தில் நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று வகையிலும் கணினி கொண்டு நிர்ணயிக்கிறார்கள். முகத்தில் ரண சிகிச்சை செய்யும் வைத்தியருக்கு அது பேருதவி. நோயாளியின் அந்தஸ்தை அவர் அதில் தேடுவதில்லை.

1901-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு ரிஸ்லியின் தலைமையில் நடந்தது. ஜாதிகளை அந்தஸ்துப்படி வரிசைப்படுத்த உத்தரவாயிற்று. எங்களை மேலே வையுங்கள் என்று மனுக்கள் குவிந்தன. நம்மவர் அந்த வரிசையை ஏற்றுக்கொண்டு இடத்துக்காக வாதாடியதே பெரும் பரிதாபம்.

பிறகு உள்நாட்டு இலாகாக் காரியதரிசியாகி, 1903 டிசம்பரில் வங்கப் பிரிவினை யோசனையை வெளியிட்ட கடிதத்தில் கையொப்பமிட்டார். பிரித்தால் எதிர்ப்பாளரின் பலம் குன்றும் என்று தம் குறிப்புகளில் ஒளிக்காமல் எழுதி வைத்தார். பத்திரிகைகளின் கழுத்தை நெரித்த 1910-ம் வருஷத்துச் சட்டத்தைச் சட்டசபையில் கொண்டுவந்தவரும் அவரே. 1911 செப்டம்பரில் இங்கிலாந்தில் காலமானார். அவ்வருஷம் டிசம்பரில், டில்லி தர்பாரில் மன்னரே பிரிவினையை ரத்துச் செய்தார்.

அவர் விட்டுச்சென்ற எண்களோ அழியவில்லை. அச்சான அளவுகளிலிருந்த பிழைகளைக் கல்கத்தாவின் புள்ளியியல் மேதை மஹலனோபிஸ் 1933-ல் எடுத்துக்காட்டித் திருத்தினார். 1948-ல் டாக்டர் அம்பேத்கர் மூக்களவுகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, இந்த அளவைச் சாஸ்திரம் மெய்யானால் பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவரே என்று நிறுவினார்.