தட்டுத்தடுமாறி பாஸான நோபல்காரர்

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில அர்ரீனியஸ் என்ற பேரை பார்த்திருப்பீங்க. ஈக்வேஷனை மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்தும் இருப்பீங்க. அந்த மனுஷன் தன்னோட டாக்டர் பட்டத்தையே தட்டுத்தடுமாறித்தான் வாங்கினார்னு தெரியுமா?

ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1859-இல் ஸ்வீடனின் உப்சாலா நகருக்குப் பக்கத்தில் வீக் என்ற இடத்தில் பிறந்தார். மூன்று வயசிலேயே தானாக வாசிக்கக் கத்துக்கிட்டவர். உப்சாலா பல்கலைக்கழகத்துப் பாடம் திருப்தி தராததால் 1881-இல் ஸ்டாக்ஹோமுக்குப் போய், எட்லுண்ட் என்ற இயற்பியலாளரிடம் சேர்ந்தார்.

அவர் கையில் எடுத்தது ரொம்ப சாதாரணமான கேள்வி. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயுது, சர்க்கரைத் தண்ணீரில் பாயலை. ஏன்? மின்சாரம்தான் உப்பை உடைக்குதுன்னு அன்றைக்குப் பலர் நினைத்தார்கள். இவரோ, கரைந்ததுமே மின்சாரத்தைக் கடத்தும் ஒரு பகுதி கரைசலில் இருக்குன்னு கிளம்பினார். 1884-இல், 25 வயதில், 150 பக்க ஆய்வேட்டை உப்சாலாவில் கொடுத்தார். பட்டம் கிடைத்தது, ஆனால் மிகக் கீழான தரத்தில். அந்த கிரேடை வைத்து அங்கே ஆசிரியர் வேலை கிடைப்பதே கஷ்டம்.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அவர் ஏட்டின் பிரதிகளை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். ரிகாவில் இருந்த ஓஸ்ட்வால்ட் படித்துவிட்டு, அதே வருஷம் உப்சாலாவுக்கே நேரில் வந்து வேலையும் தருவதாகச் சொன்னார். அதன் பிறகுதான் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் இவருக்கு ஆசிரியர் பதவி கொடுத்தது.

அடுத்த துருப்பு ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. ஒரு கிலோ தண்ணீரில் 0.1 மோல் சர்க்கரை போட்டால் உறைநிலை சுமார் 0.186 டிகிரி இறங்கும். அதே அளவு சாதா உப்பு போட்டால் கிட்டத்தட்ட 0.35 டிகிரி, அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வான்ட் ஹாஃப் இந்த மடங்குக்கு ஐ என்று பேர் வைத்தார். காரணம்தான் பிடிபடவில்லை.

அர்ரீனியஸுக்குப் பொறி தட்டியது. உறைநிலைக்கு என்ன துகள் என்பது முக்கியமில்லை, எத்தனை துகள் என்பதே கணக்கு. சர்க்கரை மூலக்கூறு உடையாது, ஒன்று ஒன்றாகவே இருக்கும். உப்பு உடைந்தால் சோடியம் அயனி, குளோரைடு அயனி என இரண்டு. கால்சியம் குளோரைடு என்றால் மூன்று. மின்கடத்தலில் இருந்து ஒரு கணக்கு, உறைநிலையில் இருந்து இன்னொரு கணக்கு போட்டார். பெரும்பாலான பொருட்களுக்கு இரண்டும் ஒத்துப்போனது. 1887-இல் வெளியிட்டார்.

எதிர்ப்பும் வந்தது. சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்குமே, குளோரின் விஷ வாயுவாச்சேன்னு கேட்டார்கள். மின்சுமை ஏறிய அயனியும் வெறும் அணுவும் ஒண்ணு இல்லை என்பதுதான் பதில்.

1903-இல் இதே வேலைக்கு வேதியியல் நோபல் வந்தது. நோபல் பெற்ற முதல் ஸ்வீடன்காரர் அவர்தான்.

எல்லாமே சரின்னும் சொல்ல முடியாது. உப்புக்கு இரண்டு மடங்கு முழுசா வராததற்கு, கொஞ்சம் உப்பு உடையாமல் இருப்பதே காரணம் என்று நம்பினார். அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதே காரணம் என்று டிபையும் ஹுக்கெலும் 1923-இல் காட்டினார்கள். அர்ரீனியஸ் 1927-இல் காலமானார்.

அடுத்த தடவை இன்டர்னல் மார்க் பார்த்து மனசு உடைஞ்சா, அந்த 150 பக்கத்தை நினைச்சுக்கோங்க. மார்க் போட்டவங்களோட கணக்கு முடிஞ்ச பிறகும் உப்பு தன் கணக்கைச் சரியாகவே காட்டிக்கிட்டு இருந்தது.