தகட்டைக் கவ்விய மேதை

உரசினால் நெருப்பு வரும் என்பதைச் சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் முதல், குச்சியும் பெட்டியும் உரசும் அந்த ஒரு கணத்தை நம்பியே அவ்வூர் வளர்ந்தது.

அதே உரசல்தான் ஓடும் வண்டியையும் நிறுத்துகிறது. விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிளில் வருகிறார் ஓர் இளைஞர். திடீரென்று ஓர் ஆடு குறுக்கே பாய்கிறது. இரண்டு விரல்களால் லீவரை அழுத்துகிறார். முன் சக்கரத்தின் ஓரத்தில் வட்டமான ஓர் எஃகுத் தகடு சுழல்கிறது அல்லவா? அதைக் 'காலிப்பர்' என்னும் பிடி இரு புறமும் கவ்விக்கொள்கிறது. ஓட்டத்தின் வேகம் வெப்பமாக மாறித் தகட்டில் ஏறிக் காற்றில் கரைகிறது. வண்டி நிற்கிறது, ஆடும் பிழைக்கிறது.

இப்படிக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கை மோட்டார் காருக்கென்று அமைத்து, 1902-ல் பேட்டண்டு பெற்றவர் பிரெடரிக் வில்லியம் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். இன்று கோடிக்கணக்கான வண்டிகள் அந்த யோசனையின் மேல் ஓடுகின்றன. ஆனால் அதைத் தந்தவரோ, கடைசிக் காலத்தில் தாம் கட்டிய வீட்டில் தாமே குடியிருப்பதற்குப் பிறர் தயவை நாட வேண்டியிருந்தது.

நிபந்தனையை அடித்த வாலிபர்

லண்டனை அடுத்த லூயிஷாமில் 1868-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி பிறந்தார் லாஞ்செஸ்டர். தந்தை கட்டடக் கலைஞர். தாய் கணிதமும் லத்தீனும் கற்பித்தவர். வீட்டில் எட்டுக் குழந்தைகள். லண்டன் கென்சிங்டனில் விஞ்ஞானம் பயின்றாரே தவிர, பட்டம் எதுவும் வாங்கவில்லை.

1889-ல் பர்மிங்ஹாம் நகரில் கேஸ் இன்ஜின் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு ஒரு பவுன். வேலையில் இருக்கும்போது அவர் எதைக் கண்டுபிடித்தாலும் அது கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இருபது வயது வாலிபர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்! பிறகு இன்ஜினின் வேகத்தைச் சீராக வைக்கும் ஒரு கருவியை அமைத்து, அதன் உரிமைத் தொகையையும் தாமே பெற்றார். பிற்காலத்திலும் இதே சாமர்த்தியம் அவருக்குக் கைகொடுத்திருந்தால் இந்தக் கதை வேறு விதமாக முடிந்திருக்கும்.

1895-ல் அவர் கட்டத் தொடங்கிய மோட்டார் கார் 1896-ல் சாலையில் ஓடியது. அயல்நாட்டுக் காரைப் பார்த்துச் செய்த நகல் அல்ல அது. ஒவ்வோர் உறுப்பையும் அவரே புதிதாகச் சிந்தித்துச் செய்தார். 1899-ல் சகோதரர்களுடன் சேர்ந்து லாஞ்செஸ்டர் இன்ஜின் கம்பெனியை நிறுவினார்.

செம்பும் புழுதியும்

அக்காலத்து வண்டிகளில் பிரேக் என்பது பெரும்பாலும் ஓர் உருளையைச் சுற்றி இறுக்கும் பட்டை. பின்னர் வந்த டிரம் பிரேக்கில், உருளைக்கு உள்ளே இருக்கும் கட்டைகள் வெளிப்புறமாக விரிந்து உரசும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் உருளை பெருத்துக் கட்டைகளை விட்டு விலகும், பிடி தளரும். தகடு அப்படியல்ல. சூடேறித் தடித்தால் கட்டைகளை நோக்கித்தான் வரும். அது காற்றில் திறந்து சுழல்வதால் விரைவில் ஆறும்; தண்ணீர் பட்டாலும் உதறிவிடும். மெல்லிய தகட்டின் ஓரத்தை இரு புறமும் நெருக்கிப் பிடிப்பதுதான் லாஞ்செஸ்டரின் யோசனை.

யோசனை சரிதான். ஆனால் அதற்கு ஏற்ற பொருள் அன்று உலகத்தில் இல்லை. தகட்டோடு உரசும் கட்டைக்கு அவர் செம்பைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. உலோகமும் உலோகமும் உரசியதில் காதைப் பிளக்கும் கிறீச்சொலி எழுந்தது. அன்றைய சாலைகளோ வெறும் புழுதித் தடங்கள். புழுதி அரத்தைப்போல் ராவியதில் செம்பு விரைவில் தேய்ந்தது. ஹெர்பர்ட் புரூட் என்பவர் கல்நாரைக் கொண்டு பிரேக் கட்டைகள் செய்த பிறகே இந்தத் தொல்லைக்கு வழி பிறந்தது. (தம் பெயரின் எழுத்துக்களை இடம் மாற்றி, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து 'பெரோடோ' என்று தம் சரக்குக்குப் பெயர் வைத்தவர் இவர்தான். கல்நார்த் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்து, பிற்காலத்தில் அதையும் கைவிட வேண்டி வந்தது.)

கவ்விப் பிடிக்கும் முறையிலேயே இன்னொரு சங்கடமும் உண்டு. கல்லையும் பாறையையும் ஏறித் தாண்டும் 'டிரயல்ஸ்' என்ற பந்தய மோட்டார் சைக்கிள்களில் அது நன்றாகத் தெரிகிறது. அந்தப் பந்தயத்தில் வேகத்துக்கு மதிப்பில்லை. கால் தரையில் படாமல் தடைகளைக் கடக்க வேண்டும். கால் ஊன்றினால் குற்றப் புள்ளி. செங்குத்தான பாறையின் உச்சியில் வண்டியை அப்படியே நிறுத்திவைத்து, அடுத்த கல்லை அளந்து பார்க்கிறார் ஓட்டுபவர். அவருடைய உயிர் அப்போது லீவரில் இருக்கும் ஒரே விரலில்!

இடுக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகரத்தில் செய்த இடுக்கியால் கனமான சட்டியை இறுக்கிப் பிடித்தால், அதன் கைகளே வளைந்துகொடுக்கின்றன. காலிப்பரும் அவ்வாறே. கட்டைகள் எவ்வளவு பலமாகத் தகட்டை நெருக்குகின்றனவோ, அவ்வளவே பலமாகக் காலிப்பரின் இரு கைகளும் வெளியே தள்ளப்படுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத அளவு விரிகின்றன.

அந்தச் சிறிய விரிவு விரலில் பெரிதாகத் தெரிவது ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லீவர் நுனி ஐந்து பங்கு நகர்ந்தால் மேலே உள்ள சிறிய பிஸ்டன் ஒரு பங்கு நகர்கிறது. காலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டனின் பரப்பு அதைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருக்கும் எண்ணெய், விரலின் பலத்தை ஐம்பது மடங்காக்கிக் கொடுக்கிறது. ஆனால் நகரும் தூரம் ஐம்பதில் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே காலிப்பரின் கைகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நோட்டுப் புத்தகத்தின் இரண்டு மூன்று தாள் கனம் விரிந்தால் போதும். லீவர் நுனியில் பத்து மில்லிமீட்டர் வீணாகப் போய்விடும்! பஞ்சை அழுத்துவதுபோல் லீவர் உள்ளே போகும். எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று விரலுக்குத் தெரியாது.

இதே பஞ்சுத்தன்மை எண்ணெயில் காற்றுக் குமிழி புகுந்தாலும் வரும். பழைய ரப்பர் குழாய் உப்பினாலும் வரும். ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் காற்றை வெளியேற்றுகிறார். பிறகு குழாயைப் பார்க்கிறார். அப்படியும் லீவர் இறுகவில்லை என்றால்தான் காலிப்பரைச் சந்தேகிக்கிறார். ஒருவர் லீவரை அழுத்த, இன்னொருவர் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் சில வண்டிகளில் விரிவு கண்ணுக்கே தெரியும். கேபிள் பிரேக் வைத்த சைக்கிளில் இதைச் சிறுவர்கள்கூடப் பார்த்துவிடலாம்.

தகட்டின் விளிம்பைத் தாண்டி இரு கைகளையும் இணைக்கும் பாலம்தான் பலவீனமான இடம். தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் அது நுழைய வேண்டும், பாறையில் இடிபடவும் கூடாது, கனமும் கூடாது. இத்தனைக்கும் ஈடுகொடுக்க, இரு பாதிகளைப் போல்ட்டால் முடுக்குவதை விட்டு, ஒரே கட்டி அலுமினியத்தைக் குடைந்து முழுக் காலிப்பராகச் செய்வதும், பாலத்தை அகலமாக்குவதும் வழக்கத்துக்கு வந்தன.

மகாராஜாக்கள் வாங்கிய கார்

லாஞ்செஸ்டரின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். கார்கள் உயர்ந்தவை என்று பெயர் எடுத்தன. கம்பெனியிலோ பணம் இல்லை. 1904-ல் அது நொடித்தது. மறு ஆண்டு வேறு பெயரில் எழுந்தது. 1909-ல் அவர் டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகரானார். லாஞ்செஸ்டர் காரை அமைக்கும் பொறுப்பு தம்பி ஜார்ஜின் கைக்கு வந்தது. நம் நாட்டு மகாராஜாக்களுக்கு அந்தக் கார் மீது தனி மோகம். அல்வார் மகாராஜா 1924-ல் வாங்கிய லாஞ்செஸ்டரின் மேல், குதிரை பூட்டும் ராஜ வண்டியைப் போன்ற கூண்டையே அமைக்கச் செய்தார்.

பிரெடரிக்கின் மனமோ ஆகாயத்தில் இருந்தது. விமானத்தின் இறக்கை ஏன் தாங்குகிறது என்பதற்குக் காற்றின் சுழல்களைக் கொண்டு அவர் விளக்கம் எழுதினார். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1897-ல், லண்டன் பௌதிகச் சங்கம் அக்கட்டுரையை ஏற்க மறுத்துவிட்டது. 1907-ல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். ஜெர்மனியில் பிராண்டில் என்ற பேராசிரியர் அதே துறையைக் கணித வடிவில் வளர்த்துப் புகழ் பெற்றார்.

முதல் உலக யுத்தத்தின்போது போருக்கும் ஒரு சூத்திரம் எழுதினார். இரு படைகளும் எதிரெதிரே நின்று சுடும் நவீனப் போரில், இரண்டு மடங்கு ஆட்கள் உள்ள படையின் பலம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு என்பது அதன் சாரம். அதை இன்றும் ராணுவக் கணிதத்தில் லாஞ்செஸ்டர் விதி என்றே படிக்கிறார்கள்.

1919-ல், ஐம்பது வயதில், டோரதியா கூப்பரை மணந்தார். குழந்தைகள் இல்லை. 1922-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பர்மிங்ஹாமின் மோஸ்லி பகுதியில் 'டயட் எண்ட்' என்ற வீட்டையும் கட்டிக்கொண்டார்.

இருண்ட நாட்கள்

இருபது ஆண்டுகள் நீடித்த டெய்ம்லர் வேலை முடிந்தது. அவர் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம் ஒலிபெருக்கிகள் செய்து விற்றுப் பார்த்தது, நிலைக்கவில்லை. 1931-ல் லாஞ்செஸ்டர் கார் கம்பெனியும் கைமாறி டெய்ம்லரோடு சேர்ந்தது. நடுக்குவாதம் அவருடைய கைகளைப் பற்றியது. ஆயிரக்கணக்கான படங்களை வரைந்த கைகள் அவை! பிறகு கண்பார்வையும் போயிற்று.

விருதுகள் மட்டும் தவறாமல் வந்தன. விமானத் துறைக்கான குகன்ஹைம் பதக்கம் 1931-ல்; ஜேம்ஸ் வாட் பதக்கம் 1945-ல். பதக்கத்தைக் காட்டி வீட்டுக் கடனை அடைக்க முடியுமா? மோட்டார்த் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்த உதவியால்தான் அந்த வீடு அவர் கையைவிட்டுப் போகாமல் இருந்தது. 1946-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி அங்கேயே காலமானார்.

ஏழே ஆண்டுகள் கழித்து, 1953-ல், பிரான்ஸ் நாட்டு லே மான் நகரில் இருபத்துநான்கு மணி நேரக் கார்ப் பந்தயம் நடந்தது. டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார்கள் மற்றவர்களைவிடத் தாமதமாகப் பிரேக் பிடித்து, வளைவுக்கு வளைவு முந்தி வெற்றி பெற்றன. 1955-ல் சிட்ரோயன் கம்பெனி தன் புதிய காரின் முன் சக்கரங்களுக்கு அதையே பொருத்திச் சந்தைக்கு அனுப்பியது. 1969-ல் ஹோண்டாவின் 750 மோட்டார் சைக்கிளிலும் அது வந்தது. லாஞ்செஸ்டரின் பேட்டண்டு உரிமையோ எப்போதோ காலாவதியாகிவிட்டது. டோரதியா அம்மையாருக்கு அதிலிருந்து ஒரு பென்னி வரவும் வழி இல்லை.

பர்மிங்ஹாமை அடுத்த கவென்ட்ரி நகரில் 1970-ல் அமைந்த பாலிடெக்னிக்குக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அது வளர்ந்து பல்கலைக்கழகமான பிறகு, நூலகக் கட்டடத்துக்கு அந்தப் பெயர் வந்தது.